புறங்கையால் தொடுகிறவர்

எதையும் அவர் முதலில் புறங்கையால்தான் தொடுவார். கதவின் கைப்பிடி, வேலிக் கம்பி, பனிக்காலத்தில் என் காரின் மூடி, ஒருமுறை எங்கள் வீட்டுப் பூனை. விரல்களின் பின்பக்கத்தால் மெல்ல ஒரு தட்டு. ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே உள்ளங்கை போகும். பூனை அதைப் பெரிய அவமதிப்பாக எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அது அவருடைய வளவுக்குள் போனதே இல்லை.

கெபெக் மாகாணத்துப் புறநகரான பியர்பொன்ட்ஸில் பதினொரு வருடம் அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். எண்பதை நெருங்கிய கெபெக்காரர். மனைவியை இழந்தவர். பாடசாலை பஸ்களைத் திருத்தும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே என்னை ‘நீ’ என்றார். நான் பதினொரு வருடமும் ஐயா என்பதற்கு ‘மிசியூ’ போட்டு, ‘நீங்கள்’ என்றே இருந்தேன். அவருடைய பிரெஞ்சை இங்கே என் தமிழில்தான் எழுத முடியும். எழுத அதிகமும் இல்லை. நாளொன்றுக்கு அவர் வாயிலிருந்து பத்துச் சொல் வந்தால் பெரிது. பனி அள்ள வருகிறேன் என்று சொல்லமாட்டார். விடிந்து பார்த்தால் எங்கள் வாசல் வழித்துக் கிடக்கும்.

புறங்கை ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“கடிக்கிற சாமானை உள்ளங்கையால தொட்டா, கை அதைப் பிடிச்சுக்கொண்டு விடாது. புறங்கை எண்டா தானா உதறும்.”

“கதவுக் கைப்பிடி கடிக்குமோ?”

“பழக்கம்,” என்றார். அன்றைய கணக்கு முடிந்துவிட்டது.

நான் பௌதிகவியல் படித்தவன். மின்சாரம் பாயும்போது விரல்கள் உள்நோக்கி இறுகும் என்பது எனக்குத் தெரியும். விமான உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் பிழை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வீட்டிலும் அதே ஆள்தான். அடுப்பு அணைந்ததா என்று மூன்று தரம் பார்ப்பேன். மகளின் பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் தொலைபேசியை எடுத்துவிடுவேன். இதையெல்லாம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ஒன்றும் தெரியாதவனைப் போல நான் எழுதிவிடக்கூடாது.

அவரைக் கடித்த சாமான் அவர் வீட்டு பேஸ்மென்றில் இருந்தது. பழைய சூட்கேஸ் அளவில், சாம்பல் துணி சுற்றிய ஓர் அம்ப்ளிஃபயர் பெட்டி. அறுபதுகளின் தொடக்கத்தில், றொக் அண்ட் றோல் இன்னும் புதுச் சாமானாக இருந்தபோது, காகித ஆலை ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லாத ஓர் ஊரில் நான்கு பையன்கள் ஓர் இசைக்குழு வைத்திருந்தார்கள். அதில் முதல் கிற்றார் அவர். வாசித்தது சேர்ஃப் இசை. கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை வைத்திருந்த இளைஞர்களுக்காகப் பிறந்தது அது. தந்தியை மேலும் கீழும் படபடவென்று கீறவேண்டும். அதன்மேல் ஈரம் சொட்டுகிற மாதிரி ஓர் எதிரொலி. நான்கு பேரில் ஒருவரும் கடலைக் கண்டதில்லை. மூன்று பேருக்கு நீச்சலும் தெரியாது.

சுவரில் ஒரு படம் இருந்தது. ஒரே துணியில் தைத்த நான்கு சட்டைகள், ஆளுக்கு ஒரு பக்கம் பார்க்கிற நான்கு முகங்கள். துணி ஒருவனுடைய அம்மாவின் யன்னல் திரை.

“யார் பாடுறது?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் இல்லை.”

அந்த ஊரில் சனிக்கிழமை நடனத்துக்குத் தேவாலய மண்டபத்தை விட்டால் வேறு இடமில்லை. மண்டபத்தின் ஒரே மைக்கைப் பங்குத்தந்தை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். ஆங்கிலப் பாட்டு என்றால் பாவம். பிரெஞ்சுப் பாட்டு என்றால் ஒவ்வொரு வரியையும் அவர் வாசித்துப் பார்க்கவேண்டும். சொல்லே இல்லாத இசையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் இவர்கள் ஐந்து வருடம் ஒரு சொல்லும் பேசாமல் வாசித்தார்கள். அடுத்து என்ன என்பதைக்கூட மேடையில் அறிவிக்கவில்லை. பெயர் எழுதிய அட்டையை மேளக்காரன் குச்சியால் தட்டி விழுத்துவான். அடுத்த அட்டை தெரியும். அவ்வளவுதான்.

“நீ கடல் ஊர்க்காரன்தானே, கேட்டுச் சொல்லு,” என்று ஒரு பனிக்காலப் பின்னேரம் என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனார். நான் திருகோணமலையில் பிறந்தவன். வாசித்து முடித்துவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

“கரண்டிகளோட மேசை லாச்சி நிலத்தில விழுந்த மாதிரி இருக்கு, மிசியூ.”

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே பெட்டியைக் காலால் ஓர் உதை உதைத்தார். எதிரொலிக்காக உள்ளே இருந்த சுருள் கம்பிகள் ஒன்றோடொன்று மோதி, மழைக்காலத்தில் அலை பாறையில் அறைகிற மாதிரி ஒரு முழக்கம் எழுந்தது.

“இது?” என்று கேட்டார்.

“இது கடல்தான்,” என்றேன்.

அன்றுதான் பிளக்கையும் பார்த்தேன். இரண்டு தகடுகள் மட்டுமே உள்ள அந்தக் காலத்துப் பிளக். எர்த் என்கிற நிலக்கம்பி கிடையாது. இரண்டு தகடும் ஒரே அகலம் என்பதால் எந்தப் பக்கமாகவும் செருகலாம். அவர் அதைச் செருகிவிட்டு, இடது முழங்கையைத் தண்ணீர்க் குழாயில் சாய்த்து, வலது புறங்கையால் கிற்றார் தந்தியைத் தட்டினார். சுரீரென்றது போலும், கை உதறியது. பிளக்கைக் கழற்றித் திருப்பிச் செருகினார். மறுபடி தட்டினார். ஒன்றுமில்லை. பிளக்கின் ஒரு பக்கத்தில் வெள்ளைப் பெயின்ரால் வைத்த ஒரு பொட்டு இருந்தது. பொட்டு மேலே இருந்தால் பெட்டி சாது. கீழே இருந்தால் கடிக்கும்.

“மிசியூ, இதுக்கு மூண்டு பின் பிளக் போடவேணும். ஒரு சனிக்கிழமை நானே மாத்தித் தாறன்.”

“நாய் எந்தப் பக்கம் கடிக்கும் எண்டு எனக்குத் தெரியும்.”

“பிழைச்சுப் போனா?”

“அறுபது வருசம், நாலு பேர். ஒருத்தனும் விழேல்லை.”

நான் விட்டுவிட்டேன். அவருடைய வீடு, அவருடைய பெட்டி, அவருடைய வயது. அதை மரியாதை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “ஊரில இருக்கிற பிளக் எல்லாத்தையும் பாக்கிறதுக்கோ உங்களைப் பெத்தது?” என்றாள். இருவரும் சிரித்தோம்.

எங்கள் மகள் ஆரணிக்கு அப்போது பதினாறு வயது. தொலைபேசியைப் பார்த்தே கிற்றார் பழகியவள். தானே வாசித்துக்கொண்டு தானே பாடுவாள். போன ஜூனில் எங்கள் தெருக்காரர்களின் ஒன்றுகூடலில் இரண்டு பாட்டுப் பாட ஒப்புக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரு கிழமை முன் அவளுடைய சிறிய ஸ்பீக்கர் பெட்டி செத்துப்போனது. வேலிக்கு மேலால் அவருடைய அம்ப்ளிஃபயரைக் கேட்டாள். அவர் அந்தப் பெட்டியை யாருக்கும் கொடுத்ததில்லை. பதிலே சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அவள் முகம் விழுந்துபோய் வந்தாள். அடுத்த நாள் காலை தள்ளுவண்டியில் பெட்டி எங்கள் வாசலில் நின்றது.

ஒன்றுகூடலைப் பூங்காவில் வைப்பதாக இருந்தது. மழை பிடித்துக்கொண்டதால் பக்கத்தில் இருந்த ரொக்ஸ்பரோவில் ஒரு சிறிய மண்டபத்துக்கு மாற்றினார்கள். எல்லாருடைய சப்பாத்தும் நனைந்து, தரை முழுக்க ஈரம். அவர் நேரத்தோடே வந்து பெட்டியைத் தானே செருகினார். மேடைக்கருகே சுவரில் இருந்த ஹீற்றரின் இரும்பில் முழங்கையைச் சாய்த்து, புறங்கையால் ஆரணியின் கிற்றார் தந்தியைத் தட்டினார். பிளக்கின் பொட்டு மேலே, கீழே, மறுபடி மேலே.

“அப்பா, மிசியூ என்ன பெட்டிக்கு ஆசீர்வாதம் குடுக்கிறாரோ?” என்று ஆரணி என் காதுக்குள் கேட்டாள்.

“பேசாமல் இரு. அவருக்குத் தெரியும்.”

அவள் மைக்கில் நான்கு வரி பாடி, வாசித்துப் பார்த்தாள். எல்லாம் நன்றாகவே இருந்தது. அவர் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். பின்னால் தேநீர் இடைவேளை. றோல்ஸும் தேநீரும் என் பொறுப்பு. எங்கள் தெருவில் இருக்கும் இன்னொரு தமிழர் ரஞ்சன் பெரிய மின் கேத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அண்ணை, இதை எங்க குத்திறது? குசினிப் பிளக் வேலை செய்யேல்லை.”

மேடைக்கருகே சுவரில் பிளக் செருகும் இரண்டு வாய்கள் இருந்தன. ஒன்றில் மைக்கின் ஒலிபெருக்கி, மற்றதில் அவருடைய பெட்டி. நான் பெட்டியின் பிளக்கைக் கழற்றிக் கேத்தலைச் செருகினேன். தண்ணீர் கொதித்தது. தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஆரணியின் பெயரை அழைத்துவிட்டார்கள். நான் ஓடிப்போய்க் கேத்தலைக் கழற்றி, பெட்டியின் பிளக்கைச் செருகினேன். கைக்கு வந்த பக்கமாகச் செருகினேன். பொட்டு என் மனதில் வரவே இல்லை. றோல்ஸ் காணுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் முதலில் வாசித்தாள். பெட்டி ஈரமாக முழங்கியது. சனம் கைதட்டியது. பாடுவதற்காகக் குனிந்தாள். உதடு மைக்கைத் தொட்டது.

அவள் நிமிரவில்லை. தோள்கள் காதுவரை ஏறின. இடது கை கிற்றாரின் கழுத்தை இறுகப் பிடித்திருந்தது. ஸ்பீக்கரிலிருந்து மாடு அலறுவது போல ஒரு சத்தம் வந்தது. ஏதோ புதுவிதமான பாட்டு என்று நினைத்துப் பின்வரிசையில் ஒருவர் விசிலடித்தார். என் கையில் தேநீர்த் தட்டம். அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பிறகு தட்டம் விழுந்தது. நான் அவளை நோக்கி ஓடினேன். தொட்டிருந்தால் நானும் ஒட்டியிருப்பேன்.

அவர் கத்தவில்லை. அவளிடம் போகவும் இல்லை. எழுந்து எதிர்ப்பக்கம் திரும்பி, சுவருக்குப் போய், வயரைப் பிடித்து ஒரே இழுவையில் பிடுங்கினார். நான் அவளை எட்டியபோது அவள் அவிழ்ந்து என் கைகளில் விழுந்தாள்.

மூன்று விநாடி, அல்லது நான்கு. எனக்கு அது இன்னும் முடியவில்லை. இப்போதும் அவள் மேசை விளக்கைப் போடக் கை நீட்டினால் நான் பேச்சை நிறுத்திவிடுகிறேன்.

மண்டபப் பொறுப்பாளரான பெண் ஓடி வந்தார். ஆரணி கண் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது.

“யார் இதைச் செருகினது?” என்று அந்தப் பெண் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன்.

“நான்,” என்றார் அவர். பிளக் அவருடைய உள்ளங்கைக்குள் மூடியிருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டு அம்புலன்ஸில் ஏறினேன்.

மருத்துவமனையில் அவளுடைய நெஞ்சில் கம்பிகளை ஒட்டி அடுத்த நாள் மதியம்வரை வைத்துப் பார்த்தார்கள். கீழுதட்டில் ஒரு கொப்புளம். இடது விரல்களில் தந்திகள் பதிந்த கோடுகள். “வயரைப் பிடுங்கினவருக்கு நன்றி சொல்லுங்கள்,” என்றார் இளம் மருத்துவர். மனைவிக்கு அது காதில் ஏறவில்லை. நான் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தேன். அறுபது வருடம், நாலு பேர், ஒருத்தனும் விழவில்லை. அது ஏன் என்று அங்கேதான் எனக்கு விளங்கியது. கடிக்கிற கிற்றாரைப் பிடித்திருந்தாலும், நிலத்தோடு இணைந்த வேறொன்றைத் தொடாதவரை சுரீரென்பதோடு போய்விடும். மைக் நிலத்தோடு இணைந்தது. உதடு அதில் பட்டால் மின்சாரம் கையிலிருந்து நெஞ்சு வழியாக வாய்க்குப் போகும். அவர்களில் ஒருவனும் மைக்கில் வாய் வைத்ததில்லை. பாட்டில்லாத குழுவில் வாழ்ந்த மனிதருக்கு, பாடுகிற பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று தெரிய வழியே இல்லை. எனக்கு வழி இருந்தது. நான் படித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த அன்றே மனைவி சொன்னாள்: “இஞ்சாருங்கோ, அந்த மனுசனோட இனி ஒரு கதையும் வேண்டாம். பிள்ளையும் வேலிப் பக்கம் போகக்கூடாது.”

ரஞ்சன் பழங்களோடு பார்க்க வந்தார். “கிழவனுக்கு விசர், அண்ணை. பிள்ளை துடிக்குது, மனுசன் வயர் புடுங்கப் போறார்! அந்தப் பெட்டியில இருந்த பாசம் பிள்ளையில இல்லை, பாத்தீங்களோ?”

நான் தலையாட்டினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் தலையாட்டினேன்.

அடுத்த கிழமை அவர் பின்வளவில் பெட்டியை வைத்து, வயரைக் குறட்டால் அடியோடு வெட்டுவதை யன்னலால் பார்த்தேன். என் பக்கம் அவர் திரும்பவில்லை. தெருவில் எதிரே வந்தால் தலையை ஒருமுறை அசைப்பார். நான் காரின் சாவியைத் தேடுவேன். ஆரணி பாடுவதை விட்டுவிட்டாள். குளிக்கும்போதுகூட சத்தமில்லை. ஒருநாள் வேலியடியில் அவரைக் கண்டு, “சலூ, மிசியூ” என்று வணக்கம் சொல்லியிருக்கிறாள். அவர் எங்கள் வீட்டு யன்னலைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

“அவருக்கு என்னில கோபமோ, அப்பா? பெட்டியைப் பழுதாக்கிப்போட்டன் எண்டோ?”

“இல்லை, பிள்ளை,” என்றேன். அதற்கு மேல் சொல்லவேண்டிய இடம் அதுதான். “சாப்பிட வா,” என்றேன்.

செப்ரெம்பரில் அவர் வாசலில் விற்பனைப் பலகை முளைத்தது. காகித ஆலை ஊரில் தங்கையின் வீட்டோடு போகிறாராம். மூன்று நாள் அந்தப் பலகையைக் கடந்து வேலைக்குப் போய் வந்தேன். நான்காம் நாள் பின்னேரம், கார் நின்ற கையோடு அவர் கதவைத் தட்டினேன். அடுத்த பத்து நாளில் அவர் போய்விடுவார், பிறகு நான் செத்தாலும் இது என்னோடேதான் இருக்கும் என்ற பயம். அது நல்லெண்ணம் என்று சொல்லமாட்டேன்.

சமையலறையில் பெட்டிகளுக்கு நடுவே ஒரு தட்டு, ஒரு கரண்டி, சூப். என்னைக் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். நான் நின்றுகொண்டே, காரில் பழகிவந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன். கேத்தல், கழற்றியது, செருகியது, வாய் மூடியது.

“தெரியும்,” என்றார். “பிடுங்கேக்க பொட்டைப் பாத்தன். கீழ இருந்தது.”

“பிறகேன் நீங்கள் செருகினதெண்டு சொன்னீங்கள்?”

அவர் கரண்டியை வைத்தார். பதினொரு வருடத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அப்போதுதான்.

“அவள் பயந்துபோய்க் கிடந்தாள். அவளுக்கு ஒருத்தர் குற்றவாளியா வேணும். அது நானெண்டா, என்ர வீட்டுக்கு வராமல் விடுவாள். நீயெண்டா எங்க போறது? நாளைக்கும் உன்ர மேசையிலதானே அவள் சாப்பிடவேணும்.” சூப் தட்டைத் தள்ளி வைத்தார். “அதோட, பெட்டி என்ரை. நீ பிளக்கை மாத்தித் தாறன் எண்டனி. நான்தான் விடேல்லை.”

“நான் மன்னிப்புக் கேக்க வந்தனான்.”

“அவளிட்டக் கேள்,” என்றார்.

நான் வீட்டுக்கு வந்தபோது மனைவி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். ஆரணி தட்டோடு உட்கார்ந்திருந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மேசையருகே நின்று சொன்னேன். தமிழில் சொல்ல இன்னும் கடினமாக இருந்தது. மனைவியின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

ஆரணி தன் இடது விரல்களைப் பார்த்தாள். கோடுகள் இப்போது இல்லை.

“மிசியூவுக்குத் தெரியுமோ?”

“தெரியும். அண்டைக்கே தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ அவர் மூண்டு மாசம் பேசாமல் இருந்தவர்?”

“ஓம்.”

“நீங்களும்?”

“ஓம்.”

“பிள்ளை, அப்பா பயத்தில...” என்று மனைவி தொடங்கினாள்.

“நான் பயந்ததைவிடவோ, அம்மா?”

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. எழுந்தாள். சோறும் கறியும் போட்டபடி இருந்த தன் தட்டை எடுத்தாள். ஒரு கரண்டி எடுத்தாள். பின்கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனாள். யன்னல் திறந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. கதிரை ஒன்று இழுபட்டது.

மனைவி என்னைப் பார்க்காமல் அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை. அவர் போகும்வரைக்கும் ஒன்பது நாள், பின்னேரச் சாப்பாட்டை அவள் அந்த மேசையில்தான் சாப்பிட்டாள்.